பேரிங்குக்குப் பின்னால் வெள்ளித்தாள்

அப்பா ஆரம்பித்து, இப்போது நான் நடத்தும் ஒர்க்ஷாப்பில் அரவேணு ஊரைச் சேர்ந்த தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் பழைய டிராக்டரை விட்டிருந்தார். கொழுந்து ஏற்றும் வண்டி. இன்ஜினைப் பிரித்து, கிராங்க் என்ற சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குகளைக் கழற்றினேன். ஒன்றின் முதுகில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் விரிப்பார்களே, அதே தாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கிராங்க் தேய்ந்தால் அதைக் கடைந்து, எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குத் தடித்த பேரிங் பார்த்துப் போடவேண்டும். தாளை மடித்து வைத்தா இடைவெளியை அடைப்பது? "எந்த முட்டாள் பண்ணின வேலைங்க இது? இவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று கத்தினேன்.

தோட்டத்துக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. உங்கப்பா வெளியதான் உக்காந்திருக்காரு. முன்ன அவரு இதைப் பாத்தப்ப மழைல ரோடு சரிஞ்சு, பேரிங் வர வழியில்லீங்க. பறிச்ச கொழுந்து வீணாப் போகக்கூடாதுன்னு அவருதான் ஓட வச்சுக் குடுத்தாரு."

அப்பா உள்ளே வந்தார். தாளைப் பார்த்தார். "பையன் சொல்றது சரிதானுங்க. மழை விட்டதும் நானே மாத்தியிருக்கோணும்" என்று தோட்டத்துக்காரரிடம் கைகூப்பினார்.

நான் அளந்து வாங்கிய பேரிங் அளவு பிசகாமல் உட்கார்ந்தது.

இப்போதெல்லாம் அப்பா ஒர்க்ஷாப்புக்குள் வந்தால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார். அவரே வாங்கிப்போட்ட ஸ்பேனரைக் காட்டி, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிறார்.