பேராசிரியர் வீட்டு இடது ஸ்பீக்கர்

ஒரு பெண் பையோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார். இரண்டு மணி நேரம் டிவிக்குப் பின்னால் முட்டி போட்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறார். அன்று மாலையே ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது. முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், தெரியும்.

ஒயரக்கா என்றுதான் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அவரைக் கூப்பிடுவார்கள். ஹோம் தியேட்டர் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய் டிவி, சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தவர். மற்றவர்கள் தூக்கி எறிந்த விளக்கப் புத்தகங்களைப் படித்தே தொழிலைப் பிடித்தார். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் அது எங்கே போக வேண்டும் என்று எழுதி ஒட்டுவார். அசிங்கமாக இருக்கிறது என்று அதைப் பிய்த்துப் போடுகிற மேதைகளும் உண்டு.

அப்படி ஒரு மேதை வீடுதான் அந்தப் பேராசிரியருடையது. முப்பது வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். மூன்று நாள் எல்லாம் நன்றாகப் பாடியது. நாலாம் நாள் ரிமோட்டைப் பழக்கிக் கொடுக்க ஒயரக்கா மறுபடி போய் வந்தார். அன்று மாலை பாஸ், அதாவது பாட்டின் அந்தக் கனத்த அடியொலி, செத்துவிட்டது. பேராசிரியர் உடனே கடைக்கு எழுதினார்: 'உங்கள் ஊழியர் அசல் ஸ்பீக்கரைத் திருடிவிட்டுப் போலியை மாட்டியிருக்கிறார்.'

மேனேஜர் ஒயரக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். "நீ எடுத்தேன்னு நான் சொல்லலம்மா. ஆனா ப்ரொஃபசர் பொய் சொல்வாரா? இது தீரலைன்னா உன்னை வேலையில வெச்சிருக்க முடியாது."

"நான் ப்ரொஃபசர் இல்ல, அதனால திருடி. அப்படித்தானே சார்?"

வாசலில் ஒயரக்காவின் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். மேனேஜரின் பையை யாரும் தொடவில்லை.

"இடது பக்கம் டூப்ளிகேட்," என்றார் சோபாவில் சாய்ந்திருந்த பேராசிரியர். "என் காதே சொல்லும்."

"சீரியல் நம்பரைப் பாருங்க சார். பில்லுல இருக்கற அதே நம்பர்."

"ஸ்டிக்கர் ஒட்ட உனக்குச் சொல்லியா தரணும்?"

ஒயரக்கா குனிந்து பார்த்தார். இடது ஸ்பீக்கருக்கு விரல் தடிமனில் ஒரு புது ஒயர். "இது யார் போட்டது?"

"நான்தான், அன்னிக்கு நீங்க போனதும்," என்றார் பேராசிரியரின் மச்சான், பெருமையாக. "தடி ஒயர் போட்டா சத்தமும் தடியா வரும்ல? ஒரு பக்கத்துக்குத்தான் நீளம் பத்துச்சு."

"சிவப்பு எது, கருப்பு எதுன்னு பாத்தீங்களா?"

"ரெண்டும் கம்பிதானே!"

அப்போதே மாற்றிச் சொருகியிருந்தால் பாஸ் வந்திருக்கும். 'பயந்துபோய் ஒரிஜினலைத் திருப்பி வெச்சுட்டா' என்று கதையும் கட்டியிருப்பார்கள். ஒயரக்கா மாற்றவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களின் ஒயரையும் ஆம்பிலிருந்து கழற்றினார். பையிலிருந்து ஒரு டார்ச் பேட்டரியை எடுத்தார்.

"சார், கீழ வந்து உட்காருங்க. ஸ்பீக்கர் நடுவுல இருக்கற கூம்பைப் பாருங்க."

பேராசிரியர் தரையில் உட்கார்ந்தார். ஒயரக்கா பேட்டரியை வலது ஒயரில் வைத்ததும் கூம்பு டக்கென்று வெளியே தள்ளியது. அதே மாதிரி இடது ஒயரில் வைத்தார். கூம்பு உள்ளே போனது.

"ஸ்பீக்கர் போலி இல்ல சார், ஒயர் தலைகீழ். ஒண்ணு ஊதுது, ஒண்ணு உறிஞ்சுது. பாஸ் எப்படி மிஞ்சும்?"

எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்தவர், பேட்டரியை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். ஒயரக்கா ஒயரை மாற்றிச் சொருகினார். பாட்டைப் போட்டதும் பாஸில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"ம்... கேபிள் நல்ல கேபிள்தான்," என்றார் பேராசிரியர். அவ்வளவுதான்! முப்பது வருடம் நடத்திய பாடங்களில் வருத்தம் தெரிவிக்கும் பாடம் வரவில்லை போலும்.

புகார் இன்னும் கடைக் கோப்பில் இருக்கிறது. அது இருக்கும்வரை ஒயரக்கா தனியாக எந்த வீட்டுக்கும் போகக்கூடாதாம். காவலுக்கு ஓர் ஆள் கூடவே வருகிறார். "பெரிய மனுஷன்கிட்ட போய் வாபஸ் வாங்குங்கன்னு கேக்க முடியுமா?" என்கிறார் மேனேஜர்.

முடியாதாம். சரி, உங்களிடம் நான் கேட்கிறேன். இப்படி ஒரு புகாரை எழுதிவிட்டு, உண்மை தெரிந்த பிறகும் நீங்கள் சும்மா இருக்கிறீர்களா? மன்னிப்புக் கேட்கும் துணிச்சலை உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. 'நான் எழுதியது தவறு' என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்றே அனுப்புங்கள்.