மஞ்சள் துளையில் சந்தனம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இணையக் காட்சிகளைத் திரையில் காட்டும் புதிய படப்பெட்டி ஒன்று எங்கள் இல்லத்துப் பழைய தொலைக்காட்சியோடு ஒத்துப்போகுமா என்று நான் ஆராய்ந்து கண்டதைத் தங்கள் முன் வைக்கிறேன். பள்ளியில் நெடுநாள் படித்தவன் அல்லன். எழுத்தில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் ஈஜோக் என்னும் ஊரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வசிப்பவர்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த எங்கள் ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் தாதிமைத் துறையில் முதுகலைப் பட்டம் பெறவிருந்தாள். விழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். என் மனைவிக்கோ சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. கைப்பேசியில் எவர் முகமும் அவளுக்குத் தெளியாது. பெற்ற மகள் மேடையேறுவதை அவள் கண்ணால் காண வேண்டுமானால் பெரிய திரை வேண்டும். அதற்கென்றே மகள் அனுப்பிய படப்பெட்டி, விழாவுக்கு முதல்நாள்தான் எங்கள் கைக்கு வந்தது.

எங்கள் தொலைக்காட்சி, தோட்டத்தை விட்டு வெளியேறிய ஆண்டில் வாங்கியது. பின்புறம் பானைபோல் புடைத்திருக்கும். படப்பெட்டியின் கம்பி நுழையும் வாய் அதில் இல்லை. முன்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் மட்டுமே உண்டு. ஏரியல் கம்பி பின்னால் செருகப்பட்டிருந்ததால், அந்நாள்வரை அத்துளைகளை நாங்கள் பயன்படுத்தியதே இல்லை.

கோல சிலாங்கூர் பட்டணத்தில் மின்பொருள் கடை வைத்திருக்கும் பாயிடம் சென்றேன்.

"என்னாண்ணே, அந்த டிவி இன்னும் உசுரோட இருக்கா?" என்று சிரித்தார்.

"நல்லா ஓடுது பாய். உங்க லோரிய விட நல்லா ஓடுது."

"அப்ப கன்வெர்ட்டர் போடணும்லா. புது டிவி கேட்டீங்கன்னா அடுத்த வாரந்தான் வரும்."

உள்ளங்கையில் அடங்கும் அந்த மாற்றுக் கருவியை வாங்கிவந்து, அதன் சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை என் பழைய ஆம்ப்ளிஃபயரிலும், மஞ்சள் கம்பியை அழுத்தித் தொலைக்காட்சியிலும் செருகினேன். ஓசை வீடு அதிர வந்தது. திரையோ கறுத்தே கிடந்தது.

"சத்தம் மட்டும் வந்தா அது ரேடியோங்க," என்றாள் மனைவி.

மகளைக் கைப்பேசியில் அழைத்தேன். "அப்பா, அது ரொம்ப பழசுலா. ஒத்து வராது. விடுங்க, போன்லயே பாருங்க," என்றாள். அருகில் நின்ற மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். 

படப்பெட்டி, கருவி, கம்பி மூன்றையும் பையிலிட்டு மீண்டும் பாயிடம் கொண்டுசென்றேன். பழுதுபார்க்க வந்திருந்த வேறொரு பழைய தொலைக்காட்சியில் அவர் அவற்றைப் பொருத்தினார். படம் பளிச்சென்று வந்தது. ஆகவே இம்மூன்றிலும் குற்றமில்லை. குற்றம் என் வீட்டில்தான் என்பது தெளிவாயிற்று.

வீடு திரும்பி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கைவிளக்கை மஞ்சள் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே கல்லாய் இறுகிய சந்தனம், அதன்மேல் குங்குமம்!

மனைவியை அழைத்துச் சொன்னேன். ஆயுத பூசைதோறும் அவள் அரிவாள், மோட்டார் சைக்கிள் முதலியவற்றோடு தொலைக்காட்சிக்கும் பொட்டு வைப்பாள்.

"மஞ்சள் மங்களகரமாச்சேன்னு அங்கயே வச்சேன். சாமிக்கு வச்சது தப்பாங்க?"

"வச்சது தப்பில்ல புள்ள. வச்ச எடந்தான் ஒரு மாதிரி."

"அத்தன வருசமா பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? அப்ப வாயத் தொறக்கல?"

 தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்துச் சிறிது சிறிதாகச் சுரண்டியெடுத்தேன். துளை துலங்கிற்று. நன்கு உலர்ந்தபின் கம்பியைச் செருகினேன். படம் வந்தது. எழுத்துகள் சற்றுக் கலங்கித் தெரிந்தன; முகங்கள் தெளிவாயிருந்தன.

மறுநாள் காலை என் மனைவி பட்டுச்சேலை உடுத்தித் திரைக்கு அருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்தாள். மகளின் பெயரை வாசித்தார்கள். ஆம்ப்ளிஃபயர் வழியே அது அண்டை வீடுகளுக்கும் கேட்டிருக்கும். நான் ஒலியைக் குறைக்கவில்லை. கறுப்பு அங்கியில் அவள் மேடையைக் கடந்தாள்.

"ஐயோ, எம்புள்ள எளச்சிட்டாளே! அங்க சாப்பிடறாளா இல்லையா?"

"அகலமான படத்த நம்ம டிவி இடுக்கிக் காட்டுது புள்ள. அங்க உள்ள வெள்ளக்காரனும் எளச்சித்தான் தெரியறான், பாரு."

கண்ணீரும் சிரிப்புமாக அவள் திரையைத் தொட்டாள். மகளின் முகத்தை அவள் தன் கண்ணாலேயே கண்டுவிட்டாள். அன்று நானடைந்த பெருமிதத்தைச் சொல்ல எனக்கு வேறு சொற்கள் தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்துடன் வந்தவள், "எங்கங்க வைக்க?" என்று கேட்டாள். தொலைக்காட்சியின் நெற்றியைக் காட்டினேன்.

பழைய தொலைக்காட்சி வைத்திருக்கும் வேறு எவருக்கேனும் உதவக்கூடும் என்பதால், இவ்வெழுத்தைத் தயவுகூர்ந்து பத்திரமாக வைத்திருங்கள்.