தண்ணீர் படாத புண்

எங்கள் உப்புநீர் ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அந்த நர்ஸின் பெயரை நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஒல்லியான உடம்பு, உப்புக்காற்றில் துருவேறிய கைக்கடிகாரம், வாசல்வரை கேட்கும் குரல். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் முடிவில், “இன்னா சொன்னேன்? திருப்பிச் சொல்லு” என்பார். சரியாகச் சொல்லும்வரை மாத்திரை கைக்கு வராது.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நான் வரிசையில் நின்ற அன்று, ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் அக்கா ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். அவருக்கும் சர்க்கரை, காலில் புண். “புண்ணுல தண்ணி படக்கூடாது சிஸ்டர்” என்று பிசகாமல் ஒப்பித்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை நான் போனபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதத்தைப் பிளாஸ்டிக் கவரில் நுழைத்து, தண்ணீர் புகாதபடி கணுக்காலில் வலை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படியே நாள் முழுக்க ஏரியில் நின்றிருக்கிறார். மரத்துப்போன காலில் வலி தெரியவில்லை. சிஸ்டர் நூலை வெட்டினார். ரத்த ஓட்டமில்லாமல் பாதம் கறுத்திருந்தது.

“ஒரு சொட்டு தண்ணி படல சிஸ்டர்” என்றார் அக்கா, பெருமையாக.

“ஏரியில யாரு உன்ன எறங்கச் சொன்னது?”

“எறங்காம இன்னாத்த துன்றது?”

சிஸ்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் போனபின் என்னைக் கூப்பிட்டு, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால், எதைப் பின்னால் என்று சொல்லி மாத்திரைகளைக் கொடுத்தார். பழக்கத்தில் நான் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன்.

“வேணாம்பா, போ” என்றார்.