ஜீவராஜ் பதினோரு தடவை போட்ட சண்டை

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கிற ஒரு தோட்டத்தில் ஜீவராஜ் பலவாறாக அறியப்பட்டவர். தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தார். லீவு நாட்களில் ஹட்டன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். காமன் கூத்துக்குப் புதுப்பாட்டு கட்டினார். இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் போட்டிருக்கிறார். தோட்டத்தில் எல்லோரும் அவரை மரியாதையாக 'எழுத்தாளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவரும் அவரைப் படித்ததில்லை.

போன மாதம் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கதை அனுப்பினார். கதை நன்று, உரையாடலில் உயிரில்லை என்று ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பதில் போட்டார். அன்றிலிருந்து ஜீவராஜ் வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எழுதினார். கதையில் ஒரு தகப்பன், வீட்டில் பேசிய மாப்பிள்ளையை விட்டு வேறு ஒருவனை விரும்பும் மகளைத் திட்டித் தீர்க்கிறான். தகப்பனுக்குக் கட்டைக் குரல். மகளுக்கு மெல்லிய குரலில் 'அப்பா, அப்பா' என்ற அழுகை மட்டும். இரண்டுக்கும் அவரேதான்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களின் இடைச்சுவர் கூரை வரை போவதில்லை. இந்தச் செய்தி அவருடைய இரண்டு தொகுதிகளிலும் விவரமாக வர்ணிக்கப்பட்டிருக்கிறது.

பக்கத்துக் காம்பராவில் கால்வலியோடு படுத்திருந்த சண்முகவடிவு அந்தச் சண்டையைக் கேட்டாள், நிஜமென்றே நம்பினாள். மறுநாள் செய்தி கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனது. அதற்கடுத்த நாள் வட்டவளைக்குப் போனது. அங்கேதான் அழகம்மா இருக்கிறாள். அவள் மகன் துஷாந்துக்குத்தான் ஜீவராஜின் மகள் ஜெயந்தினியைப் பேசி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட வரவேண்டியவள், வருகிறேன், ஆனால் பரிசம் போட இல்லை, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று போனில் சொன்னாள்.

ஊர்ப்பேச்சு ஜீவராஜின் காதுக்கும் வந்தது; நான்கு நாள் சோறு இறங்கவில்லை. குவைத்தில் வேலை செய்யும் மனைவியிடம், இங்கே எல்லாம் நல்லபடி என்றார். அவருடைய படைப்புகளில் அதுதான் ஆகக் குறைவாக நம்பும்படி இருந்தது. கதை போனிலேயே இருக்கிறது, காட்டிவிடலாம். ஆனால் கதை எழுதுகிறவன் காட்டும் அத்தாட்சியை யார் நம்புவார்கள்?

அழகம்மா வந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ஒங்க மக வேற எடத்துல மனசு வச்சிருக்குன்னு கேள்விப்பட்டோம். இருந்தா இப்பவே சொல்லிருங்கண்ணே. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

அது கதை என்று சொல்லி ஜீவராஜ் போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கதைன்னுதானே சொல்லுவீங்க."

அப்போது சுவருக்கு மேலாகச் சண்முகவடிவின் குரல் வந்தது.

"ஏங்கம்மா, அது கததாங்க. மொதல்ல ஊருக்குச் சொன்னது நாந்தான். அப்புறம் பாத்தா அதே சண்டைய பதினோரு தடவ போடுறாரு. நெசமா சண்ட புடிக்கிறவன் வார்த்தைய திருத்தித் திருத்தியா பேசுவான்?"

அழகம்மா சிரித்துவிட்டாள். தேத்தண்ணியைக் கையில் எடுத்தாள். ஜீவராஜ் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"சரி, அந்த அப்பன் கடைசில என்ன செஞ்சான்?"

முடிவை அவர் இன்னும் எழுதவில்லை. மகளைக் கட்டாயப்படுத்தினான் என்றால் கொடுமைக்காரன். விட்டுக்கொடுத்தான் என்றால் பழைய சந்தேகம் திரும்ப வரும்.

பிஸ்கட் தட்டோடு வந்த ஜெயந்தினி சொன்னாள்: "என்னத்த செய்யிறது அத்த? பதினோரு தடவையும் திட்டத்தான் செஞ்சாரு. ஒனக்கு என்ன வேணும்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவகூட கேக்கல."

அழகம்மா ஜீவராஜைப் பார்த்தாள். "இந்தப் புள்ளகிட்ட கேட்டீங்களாண்ணே?"

ஜீவராஜ் மகள் பக்கம் திரும்பினார். கட்டைக் குரலும் இல்லை, மெல்லிய குரலும் இல்லை; சொந்தக் குரலில் கேட்டார்.

"ஒனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதந்தாம்ப்பா. ஆனா முன்பள்ளி டீச்சர் வேலைய விடமாட்டேன். அவருகிட்ட சொல்லிட்டேன். அத்தகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"வட்டவளையிலயும் புள்ளைங்க இருக்குதுங்க," என்றாள் அழகம்மா. தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, பரிசத்துக்கு அடுத்த ஞாயிறு தோதுப்படுமா என்று கேட்டாள்.

பரிசம் நல்லபடியாக முடிந்தது. கதை முடியவில்லை. ஜீவராஜ் இப்போது வாய்க்குள்ளேயே முணுமுணுத்து எழுதுகிறார். கதையில் அந்தத் தகப்பன் கேட்டானா, பெண் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாமல் சண்முகவடிவு தவிக்கிறாள்; கொஞ்சம் சத்தமாக எழுதினால் என்னவாம் என்று கேட்கிறாள்.