மஞ்சள் ஓஸ்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யார் என்ன சொன்னாலும் சட்டென்று நம்புகிற ஆள் நானும் இல்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். கதை கட்டத் தெரியாது. ராத்திரியும் இல்லை, பட்டப்பகல். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கையில் கடிகாரம் இருந்தது.

என் பெயர் இன்னாசி. ஜெகதாப்பட்டினத்தில் நாற்பது வருடம் விசைப்படகில் கிடந்தவன். என் மகள் ஷெரினின் புருஷன் சார்லஸ், முதுகில் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் முங்குகிறவர். மூழ்கிய படகில் இன்ஜின் சாமான் கழற்றுவது அவர் தொழில். மேலே இருந்து அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிப்பது என் வேலை. இப்போது என் நெஞ்சில் காற்று நிற்பதில்லை. ஒரு பாகம், அதாவது ஆறடிகூட முங்க முடியாது.

இன்ஜின் சாமான் வாங்கி விற்கிற முத்துக்குமார் என்கிற ஏஜென்ட் எங்களை ஒரு படகில் கூட்டிப் போனார். கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். ஆறு பாகம் ஆழத்தில் ஒரு விசைப்படகு மூழ்கிக் கிடந்தது.

"இதுக்கு முன்னாடி யாரும் எறங்குனதில்ல" என்றார் முத்துக்குமார். நான் கேட்கவேயில்லை. கேட்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

சிலிண்டரில் இருந்து மூச்சு விட இரண்டு ஓஸ், ரப்பர் குழாய், வரும். கறுப்பு, சார்லஸ் வாய்க்கு. மஞ்சள் நீளமானது, சும்மா தொங்கும்.

"இது யாருக்கு மாப்பிள்ளை?"

"கூட முங்குறவனுக்குக் காத்து தீந்துட்டா உருவிக் கொடுக்கணும் மாமா. அவன் என் தோள்வாரப் புடிச்சுக்கிட்டு இதுல மூச்சு விடுவான்."

"இன்னைக்கு நீங்க ஒருத்தர்தானே. கூட எவன் வர்றான்?"

"ஒங்களக் கூட்டிட்டுப் போலாம்னுதான்" என்று சிரித்தார்.

அவர் இடுப்பில் லைட்டுக்கு ஒரு பேட்டரி இருக்கும். அதிலிருந்து கை லைட்டுக்கு ஒரு கறுப்பு ஒயர் போகும். ஒயர் மஞ்சள் ஓஸுக்கு அடியில்தான் போக வேண்டும், மேலே போகக் கூடாது என்பது சார்லஸின் சட்டம். அப்போதுதான் ஓஸை ஒரே இழுப்பில் உருவ முடியுமாம். எனக்கு இந்தப் புதுப் படிப்பில் நம்பிக்கை இல்லை. தனியாகத் தொங்குவது எல்லாம் ஆணியில் சிக்கும். படகில் இரண்டு கயிறு கிடந்தால் ஒன்றாகச் சுற்றித்தான் வைப்போம். அதனால் ஒயரை மஞ்சள் ஓஸின் மேல் மூன்று சுற்று சுற்றி ஒரு முடிச்சும் போட்டேன். அவர் விலாவுக்குப் பின்னால். அவர் கண்ணுக்குத் தெரியாது.

"ஒயர் அடியிலதானே போகுது மாமா?"

"ம்" என்றேன்.

2.40. சார்லஸ் இறங்கினார். சிலிண்டர் ஐம்பது நிமிடம் வரும். படகின் இன்ஜின் அறை பகலிலும் இருட்டு என்பதால் லைட்டைப் போட்டுக்கொண்டு போனார். தண்ணீரில் மூச்சுக் குமிழி வந்தது. ஐந்து எண்ணினால் ஒரு கொத்து. கொப்... கொப்... கொப்... நல்ல மூச்சு.

2.51. பக்கத்தில் இன்னொரு இடத்தில் குமிழி கிளம்பியது.

"கீழ படகுப் பொத்தல் வழியாப் பிரிஞ்சு வருது பெருசு" என்றார் முத்துக்குமார். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. கரைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

பிரிந்து வந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். இது அப்படி இல்லை. ஒன்று ஐந்துக்கு ஒரு தரம். மற்றது... கொப்கொப்கொப்கொப். ரொம்ப நேரம் மூச்சில்லாமல் கிடந்தவன் விடுகிற மூச்சு.

2.54. கயிற்றை ஒரு தரம் இழுத்தேன். 'நல்லா இருக்கீங்களா' என்று அர்த்தம். கீழேயிருந்து ஒரு தரம் இழுத்தார். நல்லா இருக்கிறார்.

கொஞ்சம் விட்டு, இன்னொரு இழுப்பு வந்தது.

மெதுவாக.

வேறு கை.

நாற்பது வருடம் கயிறு பிடித்தவன் நான். கை மாறினால் தெரியும்.

2.57. 'மேலே வா' என்று மூன்று தரம் இழுத்தேன். பதில் இல்லை. கயிறு கனத்தது. பலமாக இழுக்கவும் பயம். எதிலாவது மாட்டியிருந்தால் இடுப்பு ஒடியும்.

"முங்கத் தெரியுமாய்யா ஒனக்கு?"

முத்துக்குமார் தலையை ஆட்டினார். தெரியாது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஷெரினிடம் என்ன சொல்வது என்று மனதில் ஓடியது...

3.01. ஐந்துக்கு ஒரு தரம் வந்த குமிழி நின்றது.

மற்றது நிற்கவில்லை.

கொப்கொப்கொப்...

பிறகு அதுவும் நின்றது.

தண்ணீர் சும்மா இருந்தது.

கயிறு லேசானது.

3.02. சார்லஸ் தலை வெளியே வந்தது. உயிர் இருந்தது. படகுக்குள் தூக்கிப் போட்டோம். வாந்தி எடுத்தார். நீலம் பாரித்திருந்தார்.

"லைட்டு அணைஞ்சிருச்சு மாமா. காத்தும் தீந்துபோச்சு. பாதி நேரம்கூட ஆகலையே... தோள்வாரு வேற எதுலயோ மாட்டிக்கிச்சு. வலைன்னு நெனச்சேன். கடைசியில தானா விட்டுருச்சு."

நான் அவர் விலாப் பக்கம் பார்த்தேன். மஞ்சள் ஓஸ் தனியாகத் தொங்கியது. ஒயர் அறுந்திருந்தது. நான் சுற்றிய அதே இடத்தில்.

"மஞ்சள் ஓஸத் தொட்டீங்களா?"

"இல்லையே."

"பேத்தை மீன் கடிச்சிருக்கும்" என்றார் முத்துக்குமார்.

பேத்தை கடித்தால் குறடு வைத்த மாதிரி ஒரே துண்டாக அறுக்கும். இது மென்று அறுத்தது. நசுங்கி, நார் நாராக. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் சுற்றியது யார் என்று வரும்.

பதினோரு நாள் கழித்து, ஐஸ் கம்பெனி வாசலில் அன்புமொழி என்கிற ஆளைப் பார்த்தேன். அவரும் முன்பு முங்கினவர்தான். இப்போது ஐஸ் உடைக்கிறார். அந்தப் படகைப் பற்றிப் பேச்செடுத்ததும் கையில் இருந்த ஐஸ் குத்தும் ஆணியைக் கீழே வைத்தார்.

"தை மாசம் முத்துக்குமார் எங்க ரெண்டு பேரத்தான் எறக்குனாரு. என் கூட்டாளிக்கு உள்ள காத்து தீந்துச்சு. என் மஞ்சள் ஓஸ உருவிக் கொடுக்கப் போனேன். வரல. லைட்டு ஒயரு அதச் சுத்திக் கெடந்துச்சு. அவுக்க அவுக்க இறுகுச்சு. எனக்கும் காத்து கொறஞ்சுபோச்சு... விட்டுட்டு வந்துட்டேன்."

ஆணியை எடுத்து ஐஸை இரண்டு குத்து குத்தினார்.

"மறுநாள் எடுத்தாங்க. ஆஸ்பத்திரியில வாயத் தொறந்து காட்டுனாங்க. பல்லு பூரா கறுப்பு ரப்பரு. ஒயரக் கடிச்சிருக்கான்."

அந்த ஒயரைச் சுற்றி வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அவரும் சொல்லவில்லை.