பதினாலாம் நம்பர் கடல் அட்டை

கெஸியா கடலைப் பார்த்தவளில்லை. ஆனால் ஊட்டியில் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளைப்போல் கடல் அட்டையைப் பொடித்தவர் யாருமில்லை. கடலடியில் ஊரும் அந்தப் பிராணியைப் பிடிக்கத் தடை. மண்டபம் கடற்கரைப் பக்கம் பிடிபட்ட கடத்தல் சரக்கு, வனத்துறை நாற்பது டப்பாவில் அனுப்பியது. அவித்துக் காயப்போட்டபின் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சுருக்கம். வெள்ளை அட்டையா, ராஜ அட்டையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் உடம்பில் இருக்கும் ரசாயனம்தான் சொல்ல வேண்டும்.

பொடியை ஊறவைத்து வடித்த சாற்றை, வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தகட்டின் கீழ் ஓரத்தில் பொட்டாக வைத்து, திரவத்தில் நிறுத்துவாள். திரவம் மேலே ஏறும்போது சாறும் பிரிந்து ஏறும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பேராசிரியர் ரமேஷ்குமார் இனம் பிரிப்பார். பத்தாவது தாண்டாத கெஸியா வைக்கும் பொட்டு கடுகைவிடச் சிறியது. ஒன்றுகூடக் கசியாது.

பதினாலாம் நம்பர் டப்பாதான் வம்பு இழுத்தது. திங்கட்கிழமை பொட்டு ராஜ அட்டையின் உயரத்தில் நின்றது. வியாழக்கிழமை சரிபார்க்க மறுபடி வைத்தபோது விரல் அகலம் மேலே போய்விட்டது.

“டப்பாவை மாத்திட்டியா, கெஸியா?”

“இல்லீங்க சார்.”

“அப்ப அட்டை தானா இனம் மாறிடுச்சா? ஒண்ணு மாறினா மிச்சம் முப்பத்தொன்பதை எப்படி நம்புறது? மூணு மாச வேலை போச்சு. நாளையிலிருந்து வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

மற்றவர்களாயிருந்தால் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கெஸியா ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பனிமூட்டம் உள்ளேயே வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை நல்ல வெயில். இங்கே வருமுன் எட்டு வருடம் தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டியவள் அவள். மூட்டம் இறங்கினால் இலை வாடாமல் எப்படி முரண்டு பிடிக்கும் என்று தெரியும்.

“ஏனுங்க சார், ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறமும் போன்னா போயிடறேன்.”

இரண்டு தகடு எடுத்தாள். ஒன்றை ஓவனில் சுடவைத்தாள். மற்றதை ஜன்னலோரம் வைத்தாள். அவர் கண்முன்னாலேயே பதினாலாம் டப்பாவின் சாற்றை இரண்டிலும் பொட்டு வைத்தாள். காய்ந்த தகட்டில் பொட்டு திங்கட்கிழமை உயரத்தில் நின்றது. ஈரம் குடித்த தகட்டில் விரல் அகலம் மேலே.

ரமேஷ்குமார் ஸ்கேலை மூன்று தடவை வைத்துப் பார்த்தார்.

“இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“சொல்லிக் குடுக்கோணுங்களா? மூணு நாளா ஊட்டுல கொடியில போட்ட போர்வை காயல. உங்க தகடு மட்டும் காஞ்சிருக்குமாக்கும்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தப்பு என்னோடதும்மா” என்றார். பேராசிரியர் வாயிலிருந்து அது லேசில் வராது.

அன்றிலிருந்து ஓவனில் காயாத தகட்டில் பொட்டு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க, இனம் தெரிந்த அட்டையின் சாறும் பக்கத்திலேயே ஏறும். மூட்ட நாட்களில் பார்த்த பதினொரு டப்பாவையும் கெஸியாவே மறுபடி பார்த்தாள். பதினாலு, ராஜ அட்டையேதான்.

போன வாரம் மூட்டம் அழகாயிருக்கிறதென்று பேராசிரியர் ஜன்னலைத் திறந்தார்.

“சார்!”

அவ்வளவுதான் சொன்னாள். மூடிவிட்டார்.