முதுகில் குத்திய தாள்

முதலில் வந்தது இரைச்சல். காசநோய் ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்கி இரண்டாம் மாதம், காதுக்குள் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். தாதியிடம் சொன்னேன். "பலவீனம்தான், சாப்பிடச் சரிவரும்" என்றார். நானும் முட்டையைத் தின்றுகொண்டு சும்மா கிடந்தேன். உங்களுக்கு அந்த இரைச்சல் கேட்டால் அன்றைக்கே டாக்டரைப் பிடித்து உலுப்புங்கள். என்னைப் போல நல்ல பிள்ளையாகக் கிடக்காதீர்கள்.

ஊசியின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). அது கிருமியோடு சேர்த்து என் செவிநரம்பையும் (ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) தின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என் காதோடு வாய் வைத்துக் கத்தினார்: "நெஞ்சு சுகம். காது இனித் திரும்பாது. உயிர் தப்பினீர், அதை நினையும்." நினைத்துக்கொண்டுதான் என் ஊர் நாரந்தனைக்கு வந்தேன். மிச்சமிருந்த கேட்கும் சக்தியும் ஒரு மாதத்தில் போனது.

நான் செத்தவீடுகளுக்கும் திருநாட்களுக்கும் போகும் பாண்ட் குழுவில் ட்ரம் அடித்தவன். பன்னிரண்டு வருடம் காதை நம்பியே அடித்தவன். இசைக்குறிப்புத் தாள் பார்த்து வாசிப்பவர்களைக் கேலி செய்தவன். திரும்பச் சேரப் போனபோது பாண்ட் மாஸ்டர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "நோட்ஸ் வாசிக்கப் பழகும். பிறகு பாப்பம்."

ஐந்து கோடுகள். கீழ் இடைவெளியில் பெரிய ட்ரம், மேலே என்னுடையது. அடிக்க ஒரு குறி, அடிக்காமல் இருக்கவும் ஒரு குறி. என் மனைவி புஷ்பம் பின்னால் இருந்து முதுகில் நாலு நாலாகத் தட்டுவாள். நான் தாளைப் பார்த்துத் தலையணையில் அடிப்பேன். பிழைத்தால் கிள்ளுவாள். ஏழு மாதம். அப்போது சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

புளியங்கூடலில் ஒரு செத்தவீட்டுக்கு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் போகிறவரின் சட்டை முதுகில் என் தாளைக் குண்டூசியால் குத்திவிட்டார்கள். பெரிய ட்ரம்மின் அதிர்வு நெஞ்சில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு பிழை இல்லை.

சவம் போகும்போது கோயில் வாசலில் வாத்தியத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் நடப்பார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். அன்று நெஞ்சில் அதிர்வு நின்றது. தாளிலும் அந்த இடத்தில் பெரிய ட்ரம்முக்கு எட்டுக் கட்டம் ஓய்வு இருந்தது; அதுதான் என்று நினைத்தேன். முன்னால் அந்த முதுகு நடந்துகொண்டே இருந்தது. நான் அடித்துக்கொண்டே போனேன். பிள்ளையார் கோயில் வாசல் முழுவதும் நான் ஒருவன் மட்டும்.

மாஸ்டர் குச்சிகளைப் பறித்தபோதுதான் நிமிர்ந்தேன். செத்தவரின் மகன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

மறுநாள் புஷ்பம் சிலேட்டில் எழுதினாள்: "மாஸ்டர் வந்தவர். இனி உங்களைச் சேர்க்க ஏலாதாம்."

"தாளிலை இருந்ததை அப்பிடியே வாசிச்சனான்," என்றேன்.

"ஓம்" என்று வாயசைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நெஞ்சு இன்றுவரை சுகம். வருடா வருடம் படம் பிடித்துப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் எது எப்போது முடிகிறது என்பது எனக்குத் தெரிவதில்லை. அதனால் எல்லாவற்றையும் முந்தி முடித்துவிடுகிறேன். பேச்சைப் பாதியில் விடுகிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். அவர்கள் நிறுத்துமுன் நான் நிறுத்திவிடுகிறேன்.